சென்னியப்பன் பிக்கப்புக்கு லைனர் போடுகிறார்

‘நாலு பேத்தைக் கேட்டுட்டுச் செய்வோம்’ என்றொரு மனித இனம் இருக்கிறது. நாமக்கல் பக்கம் கோழிக்கு அடுத்தபடியாகப் பெருகிக் கிடப்பது இந்த இனம்தான். கோழியாவது நாளுக்கு ஒரு முட்டை போடும்.

இவர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, ரசம் வருவதற்குள் உங்கள் தோட்டத்து மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எத்தனை வருஷமாக ஓடுகிறது, காயில் கருகி எத்தனை தரம் கட்டினீர்கள் என்று தோண்டித் துருவி, நீங்களும் பாயசத்தை ஆறவிட்டு மனம் திறந்து எல்லாம் சொல்லி முடித்ததும், ‘ஆனா அது சரிப்பட்டு வராதுன்னு இன்னொருத்தர் சொன்னாருங்களே’ என்பார் பாருங்கள், அவரேதான். மோட்டார் வாங்கினாரா? போன கல்யாணத்திலும் இதையேதான் கேட்டார்.

சாட்சிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் சென்னியப்பன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டம், தோட்டத்துக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு கோழிக் கொட்டகை. குஞ்சு இறக்குவது, தீவனம் அரைப்பது, ஊசி போட ஆள் பிடிப்பது, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது எல்லாம் அவர் மனைவி வசந்தாமணி. சென்னியப்பன் யோசனை இலாகா.

பதினோரு வருஷமாக ஒரு வியாபாரி வண்டி கொண்டுவந்து, தான் சொன்னதே விலையென்று அந்த முட்டைகளை அள்ளிக்கொண்டு போனான். இந்தச் சித்திரையில்தான் வசந்தாமணி திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதிக்கு நடையாய் நடந்து, நேரடியாக முட்டை கொடுக்கிற ஆர்டரை வாங்கியிருந்தாள். ஆனியில் கல்லூரி திறக்கும். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்குள் முட்டை விடுதி வாசலில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் புது பிக்கப். கதவில் ‘வசந்தாமணி முட்டைப் பண்ணை’ என்று மஞ்சள் எழுத்தில் எழுதியும் ஆயிற்று. பெயிண்ட் காய்ந்ததும் அவள் தன் பெயரை ஒற்றை விரலால் தடவிப் பார்த்தாள். சென்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. அவர் பின்பக்கம் லோடு பாடிக்குள் ஏறி நின்றுகொண்டு, பளபளவென்றிருந்த தகரத்தைச் சந்தேகமாக முறைத்துக்கொண்டிருந்தார்.

“இதுல நேரா லோடு ஏத்துனா பெயிண்டு போயிரும், துரு புடிச்சுரும். மொதல்ல உள்ள லைனர் போடோணும்” என்றார்.

சொன்னது தப்பே இல்லை. இந்த இனம் தப்பாக எதையும் சொல்லிவிடாது, அதுதான் இதன் கொடுமை. லைனரில் இரண்டு வகை. ஒன்று, லோடு பாடியின் அளவுக்கே வார்த்த கெட்டி பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே தூக்கி வைத்து நாலு ஸ்குரூ முடுக்கினால் முடிந்தது வேலை. இன்னொன்று, தகரத்தைத் தேய்த்துவிட்டு அதன்மேல் ரப்பர் மாதிரி இறுகிப்போகிற கலவையை ஸ்பிரே அடிப்பது. இரண்டும் நல்லதுதான், இரண்டிலும் குறை உண்டு. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்கிற சங்கதி. சென்னியப்பன் எடுத்துக்கொண்டது ஏழு மாதம்.

முதலில் சேலத்துக்குப் போனார். அங்கே தீனதயாளன் என்பவர் பிளாஸ்டிக் தொட்டி விற்கிறார். தொட்டிதான் நல்லது, ஸ்பிரே ஒரு தரம் ஒட்டினால் ஜென்மத்துக்கும் எடுக்க முடியாது, நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவன் முகத்தைச் சுளிப்பான் என்று அவர் சொன்னார். மறுநாள் நாமக்கல்லில் அர்த்தநாரியின் பட்டறைக்குப் போனார். அர்த்தநாரி ஸ்பிரே அடிக்கிறவர். தொட்டிக்கும் தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியாது, உள்ளுக்குள்ளேயே ஊறி ஊறி வண்டி அரித்துப்போகும் என்று அவர் சொன்னார். தொட்டி விற்கிறவர் ஸ்பிரேயைத்தான் பழிப்பார், ஸ்பிரே அடிக்கிறவர் தொட்டியைத்தான் பழிப்பார் என்பது பட்டியில் கட்டியிருக்கிற எருமைக்குக்கூடத் தெரியும். சென்னியப்பன் இரண்டு பேச்சையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வெறுங்கையோடு வந்தாரா? அதுதான் இல்லை. தொட்டியில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று, ஸ்பிரே அடித்த தகரத் துண்டு ஒன்று, இரண்டையும் கெஞ்சி வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்தப் பை அவர் கையைவிட்டு இறங்கவில்லை. இரண்டு துண்டையும் காம்பவுண்டுச் சுவரில் வெயிலுக்கு வைத்தார். கோழி எருவைக் கரைத்து ஊற்றினார். அரிவாள் மூக்கால் கீறினார். அப்புறம் கழுவித் துடைத்து, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். ஜேடர்பாளையத்து அணைக்கட்டில் மீன் வறுவல் தின்ன வந்தவர்களின் வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு எழவு வீட்டில், பிணத்தை எடுப்பதற்கு முன்னால், இறந்தவரின் மச்சானைத் தனியாக ஓரங்கட்டி, ‘உங்க வண்டில தொட்டி சத்தம் போடுதுங்களா?’ என்று கேட்டார். யாராவது தொட்டி என்றால் ஸ்பிரேயின் பெருமையை எடுத்து விடுவார். ஸ்பிரே என்றால் தொட்டியின் பெருமையை எடுத்து விடுவார். எதிராளி சலித்துப்போய் ‘அப்போ நீங்களே பாத்துப் போடுங்க’ என்று எழுந்தால், அன்றைக்கு விசாரணை நன்றாக நடந்தது என்று அவருக்குத் திருப்தி.

பனமரத்துப்பட்டியில் தேங்காய் லோடு ஓட்டுகிற ஒரு மனுசன் எட்டு வருஷமாக வெறும் தகரத்தில் லோடு ஏற்றி, மாதம் ஒரு தரம் கழுவி, துருப் பிடித்த இடத்தில் பெயிண்ட் பூசி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனையும் கேட்டார். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, வண்டி ஓடுது, சோறு போடுது என்று அவன் சொன்னான். விவரம் பத்தாத ஆள் என்று சென்னியப்பன் அவனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் தொட்டியைச் சம்மட்டியால் அடிக்கிற வீடியோவை மட்டும் முப்பது தரம் பார்த்தார். அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றாலும் ஆள் நல்ல விவரம் என்று பட்டது.

இதற்கு நடுவில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால் தகரத்தைத் தேய்க்க வேண்டும் என்று அர்த்தநாரி சொன்னாரல்லவா, வேலை கையோடு முடியட்டுமென்று சென்னியப்பனே உப்புத்தாள் வாங்கிவந்து, லோடு பாடியின் பாதித் தரையைப் பெயிண்ட் போகத் தேய்த்துவிட்டார். மீதிப் பாதிக்கு வரும்போது தீனதயாளனுக்குப் போன் போட்டு, தேய்த்த தகரத்தில் தொட்டி வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டார். கூடவே கூடாது, பெயிண்ட் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். பாதி ஸ்பிரேக்குத் தயார், பாதி தொட்டிக்குத் தயார். அடடா, இப்படி ஒரு நடுநிலையை எங்கே பார்க்க முடியும்!

முடிவு எடுக்கிற வரைக்கும் தகரம் கெட்டுவிடக் கூடாதே. அதற்கும் வழி கண்டுபிடித்தார். கோழித் தீவனத்தில் கலக்கிற கருவாட்டுத் தூள் வந்த காலிச் சாக்குகள் கொட்டகையில் குவிந்து கிடந்தன. உதறோ உதறென்று உதறி, மூன்று அடுக்காகத் தரையில் பரப்பி, மேலே தார்ப்பாயைக் கட்டினார். ‘லைனர் போடற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது’ என்று உத்தரவும் போட்டார். யாரும் வைக்கவில்லை.

ஆனி வந்தது, கல்லூரி திறந்தது. வசந்தாமணி முட்டை அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டி எடுக்கலாங்களா என்று கேட்டாள். ஒரு வாரம் பொறு என்றார். வேறு வழியில்லாமல் அவள் பக்கத்து ஊர் கந்தவேலின் பழைய டெம்போவை வாடகைக்குப் பிடித்தாள். கந்தவேல் வண்டியில் தொட்டியும் இல்லை, ஸ்பிரேயும் இல்லை. தரைக்கு ஒரு பழைய பிளைவுட் பலகை, அதன்மேல் வைக்கோல். முட்டை உடையாமல் போய்ச் சேர்ந்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கந்தவேல் வண்டி விடுதிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. சொந்த வண்டி புளிய மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

சென்னியப்பன் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விசாரிக்கிறதற்கு எத்தனை உழைப்பு வேண்டும் தெரியுமா? அவருக்கு உள்ளூர ஒரு பயம். எதையாவது போட்டு வைத்து, நாளைக்கு எவனாவது வந்து, ‘அடடா, இதையா போட்டீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?’ என்று சொல்லிவிட்டால் மானம் என்ன ஆவது? எதையும் போடாதவனை எவனும் அப்படிக் கேட்க முடியாது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ஆள் இல்லை சென்னியப்பன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்காக மனைவி வாடகை வண்டியில் முட்டைக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து போனால் போகட்டுமே.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கந்தவேல் வேறு லோடுக்கும் போகிறவன். இரண்டு தடவை விடுதிக்கு நேரம் தவறிவிட்டது. பிள்ளைகள் முட்டை இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று விடுதி மேலாளர் வசந்தாமணியைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். முட்டையும் வண்டியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், கார்த்திகை ஒன்றாம் தேதி சொந்த வண்டியில் வந்தால் ஆர்டர் உங்களுக்கு, இல்லாவிட்டால் நாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணைப் போடுங்க. ஒண்ணுமே போடலைன்னாலும் சரி, சாக்கை எடுத்துப்போட்டு வண்டியைக் குடுங்க. இந்த ஆர்டரு போச்சுன்னா மறுபடியும் அந்த யாவாரிகிட்டத்தான் கை கட்டி நிக்கோணும். என்னால முடியாதுங்க.”

“புதன்கிழமை திருச்செங்கோட்டுல ஒருத்தரைப் பாக்கோணும். அவரு ரெண்டையும் போட்டுப் பாத்தவராம். அவரைக் கேட்டுட்டு முடிவு பண்ணிரலாம்” என்றார் சென்னியப்பன். அந்தப் புதன்கிழமை திருச்செங்கோட்டுக்காரர் ஊரில் இல்லை.

கார்த்திகை ஒன்றாம் தேதி விடிந்ததும் வசந்தாமணி யாரையும் கேட்கவில்லை. தானே போய்த் தார்ப்பாயை அவிழ்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தாள். தார்ப்பாயின் ஓட்டை வழியாக ஒரு மாதமாக இறங்கிய மழைத் தண்ணீர் அந்தச் சாக்குகளில் நின்று, கருவாட்டு உப்பும் அழுகலுமாக ஊறி, தேய்த்து வைத்த தகரத்தை நிதானமாகத் தின்றிருந்தது. சாக்கைப் பிடித்து இழுத்தாள். சாக்கோடு தகரமும் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. மூன்று இடத்தில் ஓட்டை, ஓட்டை வழியே கீழே மண் தெரிந்தது. புழு நெளிந்தது. பலகை போட்டு ஏற்றலாம் என்றாலும், இந்த நாற்றத்தோடு பிள்ளைகள் சாப்பிடுகிற முட்டையைக் கொண்டுபோய் இறக்க முடியுமா?

எந்தத் தொட்டியை வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கி வண்டி அரித்துவிடும் என்று ஏழு மாதம் பயந்தாரோ, அந்தத் தொட்டியின் வேலையை அவருடைய சாக்கு காசில்லாமல் செய்து முடித்திருந்தது.

அவள் கந்தவேலுக்குப் போன் போட்டாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வந்துவிடு சாமி என்று கேட்டாள்.

“தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. நான் விடுதிக்குத்தான் போயிட்டு இருக்கேனுங்க. உங்க வண்டி வராட்டி நீயே முட்டையோட வந்துருன்னு நேத்தே சொல்லிட்டாங்க. எருமப்பட்டில வேற பண்ணைல எடுத்துட்டேனுங்க.”

நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்?

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் அன்றைய முட்டைகள் அட்டை அட்டையாக அடுக்கியபடி கிடந்தன. சென்னியப்பன் பல் துலக்கிக்கொண்டே வந்தார். ஓட்டையைப் பார்த்தார். துலக்குவதை நிறுத்தினார்.

“இத்தனை பேத்தைக் கேட்டீங்களே, இந்த ஓட்டை எந்தக் கம்பெனின்னும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க” என்றாள் வசந்தாமணி.

வண்டியைக் கழுவி, இரண்டு பேருமாக அர்த்தநாரியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அர்த்தநாரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஓட்டைக்கு மட்டும் துண்டு வைத்து வெல்டிங் அடிக்கலாம், இல்லாவிட்டால் தரைத் தகரத்தை மொத்தமாக மாற்றலாம், எது செய்யட்டும் என்று கேட்டார். இரண்டு வழி என்று காதில் விழுந்ததும் சென்னியப்பனின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. மஞ்சப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இருங்க, நாலு பேத்தைக் கேட்டுட்டு வாரேன்.”

வசந்தாமணி அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். மாற்றிவிடுங்கள், மாற்றிவிட்டு லைனரும் போட்டுவிடுங்கள் என்று அர்த்தநாரியிடம் சொல்லி, இரண்டில் எது என்பதையும் அந்த நிமிஷத்திலேயே சொன்னாள். அப்போது வந்த டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி அந்தப் பழைய வியாபாரியைப் பார்க்கப் போனாள். அன்றைய முட்டை வீணாகக் கூடாதே. வழக்கத்தைவிடக் குறைத்து விலை சொன்னான் அவன். கொடுத்தாள்.

ஆக, ஐயா, அம்மா, இந்த இனத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாதீர்கள், கூட்டு வியாபாரம் செய்யாதீர்கள், பந்தியில் பக்கத்து இலையில்கூட உட்காராதீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் விவரமானவர்கள். சென்னியப்பனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள்.

என்ன, போகமாட்டேன் என்கிறீர்கள்? ‘அதெல்லாம் சரிங்க, கடைசியா அந்தம்மா தொட்டி போட்டாங்களா, ஸ்பிரே அடிச்சாங்களா? ரெண்டுல எதுதான் நல்லது?’ என்கிறீர்களா?

எழுந்துபோய் உங்கள் வீட்டுச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள்.