ஆறரை அண்ணையின் ஐம்பது வருசத் தோட்டா

“…இன்னும் ஐம்பது வருசத்துக்கு இந்தத் தோட்டாவை ஒருத்தராலயும் அசைக்கேலாது. எழுதி வையும்!” என்று முடித்தார் ஆறரை அண்ணை.

அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, “அண்ணை, கேக் எடுத்தனீங்களோ?” என்பதுதான். கேட்டவர் பிறந்தநாள் பிள்ளையின் தகப்பன். பாவம், கேக் தட்டோடு கால் கடுக்க நின்று, துவக்கு, தோட்டா, அதன் வருங்காலம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, யாருக்குக் கேக் கொடுக்க வந்தோம் என்பதையே மறந்து திரும்பிப் போனார்.

மொன்றியலில் தமிழர் கால் வைத்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரு தோட்டாவின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மனிதர் இன்னொருவர் இல்லை. அதைச் செய்து விற்கிற கொம்பனிக்காரர்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அண்ணைக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மட்டுமே தெரியும். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், வீடு அஹுன்ட்சிக்கில். அவர் வைத்திருக்கும் வேட்டைத் துவக்கு ஆறரை மில்லிமீற்றர் தோட்டாவைத்தான் சாப்பிடும். அந்தத் தோட்டா சந்தைக்கு வந்து சில வருசங்கள்தான் ஆகின்றன. பெயர்க் காரணம் அவ்வளவே. “ஏழரைக்கு ஒண்டு குறைவு” என்பது அவருடைய மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, தருகிற விளக்கம்.

வேட்டைக்காரருக்கு இது விளையாட்டில்லை. நல்ல துவக்கு பேரப்பிள்ளை காலம்வரை உழைக்கும். ஆனால் அதற்கான தோட்டாவைச் செய்வதை நிறுத்திவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். பழைய த்ரீ-நொட்-த்ரீ தோட்டா போன்றவை நூறு வருசம் தாண்டியும் கடைத் தட்டில் கிடக்கின்றன. புதியவையோ மேளதாளத்தோடு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகின்றன. ஆறரை எந்தப் பக்கம்? அண்ணையின் சீவியமே இந்தக் கேள்வியில்தான் ஓடியது.

ஆராய்ச்சியும் நடந்தது. ஜான்-டலோன் சந்தைக்கு லீக்ஸ் வாங்கப் போனாலும், காட்டுக்குப் போகிறவர்கள் உடுத்தும் செம்மஞ்சள் நிறத்தில் எவரைக் கண்டாலும் வேட்டைக்காரர் என்று மறித்துவிடுவார். “பொன்ஜூர் ம்ஸியூ, நீங்கள் என்ன தோட்டா?” ஒருமுறை அப்படி அகப்பட்டவர் வீதி திருத்துகிற தொழிலாளி. வாழ்நாளில் எறும்பைக்கூடச் சுட்டதில்லை என்றார். “இன்னும் முடிவெடுக்கேல்ல” என்று அவரையும் தன் பக்கத்து ஆளாகவே அண்ணை கணக்கில் எடுத்துக்கொண்டார்.

தங்கையின் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை கணினித் துறை என்றபோது, “உது நிலைக்குமோ?” என்று கேட்டார். எல்லோர் முகமும் கறுத்தது. “என்ரை தோட்டா மாதிரி எண்டால் பயமில்லை” என்று அவரே ஆறுதலும் சொன்னார்.

இதைவிடப் பெரிய கூத்து, பங்கு. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை அடித்துக் கூறு போட்டுப் பிரிப்பதற்குப் பங்கு என்று பெயர், எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அண்ணை அதை மூஸுக்கு மாற்றினார். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான, தலையில் இரண்டு சுளகைக் கட்டிவிட்டது போன்ற கொம்புள்ள மான். இலையுதிர்காலம் தொடங்க முன்னமே வீடு வீடாகப் போன் அடிப்பார். “தொடை வேணுமோ, நெஞ்சு வேணுமோ?” அந்த நேரம் அந்த மூஸ் வடக்கே எங்கேயோ தண்ணீரில் நின்று புல் மென்றுகொண்டிருக்கும். தன் தொடை பதிவாகிவிட்டது அதற்குத் தெரியாது. காசு வாங்கமாட்டார். வாங்குவது சட்டப்படி சரியும் இல்லை, அவருடைய வழக்கமும் இல்லை. கொடுத்த வாக்குத்தான் முதல்.

அந்த வருடம் வாக்கு கொஞ்சம் கூடிவிட்டது. பாதி அஹுன்ட்சிக் ஃபிறீசரைக் காலியாக்கி வைத்துக் காத்திருந்தது.

மூஸ் அடிக்கத் தனி ஆளின் அனுமதிச்சீட்டு போதாது என்பதால் அண்ணையோடு போகிறவன் நான். சீட்டைக் கொடுப்பதும் தேத்தண்ணி போடுவதும் என் வேலை. ஒரு முழுப் பகல் கார் ஓடி மரக்குடிலுக்குப் போய்ச் சேர்ந்து, துவக்கைத் துடைத்து, தோட்டா வைத்த தயிர் வாளியைத் திறந்தார் அண்ணை.

எங்கள் வீடுகளில் தயிர் வாளிக்குள் தயிர் இருக்காது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அண்ணையின் வாளிக்குள் தோட்டாவும் இருக்கவில்லை. அக்கா வறுத்து அரைத்த கறித்தூள் இருந்தது, கமகமவென்று.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“என்னப்பா, தூள் வாளிக்குள்ள தோட்டா கிடக்கு! மீன் குழம்புக்கு எத்தினை போடுறது?”

“உதைத் தொடாதேயும்!”

“நான் தொடேல்ல. நீங்கள் அங்க என்னத்தாலை சுடப்போறியள்? தூளை மூஸின்ரை கண்ணில எறியப்போறியளோ?”

அடுத்த நாள் காலை பக்கத்துச் சிற்றூருக்கு ஓடினோம். ஆணி, தூண்டில், தோட்டா எல்லாம் விற்கிற கடை. முதலாளி எழுபது தாண்டிய ஒரு மதாம். கவுண்டருக்குப் பின்னால் தட்டு முட்டப் பெட்டிகள், எல்லாம் பழைய வகைத் தோட்டாக்கள். ஆறரை என்று போட்ட ஒரு பெட்டியைக் கண்டதும் அண்ணையின் முகம் பூத்தது. எடுத்துப் பார்த்தால் அது வேறு ஆறரை. தடிப்பு ஒன்று, நீளம் வேறு. அண்ணையின் துவக்குக்குப் பொருந்தாது.

அண்ணை தன் அரைப் பிரெஞ்சில் விளக்கினார். மதாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அது ஒரு மோஸ்தர், ம்ஸியூ. வரும். போகும்.”

அண்ணை வாயை மூடிக்கொண்டார். அவரோடு பழகிய இத்தனை காலத்தில் அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அடுத்த ஊர்க் கடையிலும் இல்லை. பெற்றோல் நிலையக்காரர் அப்படி ஒன்று இருப்பதையே அறியவில்லை. கடைசியில் மதாமிடமே திரும்பி வந்தோம். அவள் எங்கள் துவக்குப் பத்திரங்களை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, மறைந்த கணவருடைய த்ரீ-நொட்-த்ரீயை இரவல் தருவதாகச் சொன்னாள்.

அண்ணை என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, என்ரை வாயாலை எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்…”

“பங்கு தாறனெண்டோ, தோட்டா நிலைக்குமெண்டோ?”

“ரெண்டும்தான்.” சப்பாத்தால் ஒரு சரளைக்கல்லைத் தட்டிவிட்டார். “சனம் ஃபிறீசரைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்குது. தோட்டா பொறுக்கும்.”

உள்ளே போய் அந்தக் கிழட்டுத் துவக்கை இரண்டு கையாலும் வாங்கினார். அதுதான் அந்த வருடத்து மூஸை விழுத்தியது. முதல் கூறு மதாமுக்குப் போனது.

அஹுன்ட்சிக்கில் அவருடைய கராஜில் பங்கு போடும்போது ஒருவர், “அண்ணை, ஆறரை வேலை செய்யுது போல!” என்றார். சும்மா தலையாட்டியிருந்தால் போதும். காட்டில் நடந்தது எனக்கும் மூஸுக்கும்தான் தெரியும்.

“இல்லை. இது த்ரீ-நொட்-த்ரீ. அதுவும் இரவல். என்ரை தோட்டா இஞ்ச மீன் குழம்புக்கு நிண்டது” என்றார் அண்ணை. கராஜ் சிரித்து அடங்க வெகுநேரம் எடுத்தது. இதோடு ஆறரைப் பேச்சு ஒழிந்தது என்று அக்கா கடவுளுக்கு நன்றி சொன்னார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

மறுவருடம் போகும் வழியில் அண்ணை மதாமின் கடையில் காரை நிறுத்தி, தன் தோட்டாவில் ஒரு பெட்டி எடுத்து வைக்கச் சொன்னார்.

“யார் வாங்குவது?”

“நான்.”

வாங்கினார். அதற்கடுத்த வருடமும் வாங்கினார். அலுமாரியில் பெட்டிகள் சேரச் சேர அக்காவின் குரலும் ஏறியது. நானும் கேட்டேன்: “உங்களிட்டைத்தான் நிறையக் கிடக்கே, பேந்தேன் வாங்கிறியள்?”

“ஒண்டு வித்தால்தான் தம்பி மதாம் அடுத்ததை எடுப்பா. தட்டில கிடந்தால்தானே, என்னை மாதிரி விட்டிட்டு வாற விசரனுக்குக் கிடைக்கும்?”

இந்த இலையுதிர்காலமும் மதாமின் கடையில் நின்றோம். அந்தப் பெட்டி இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. போன கிழமை தூரத்திலிருந்து வந்த ஒரு பெண், தோட்டாவை வீட்டில் மறந்துவிட்டு, அழாத குறையாக வந்து நின்றாளாம். “இருக்கிறது என்றதும் கவுண்டரைத் தாண்டி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள், ம்ஸியூ” என்றாள் மதாம். அடுத்த பெட்டி வர இன்னும் நாள் எடுக்குமாம்.

இனி ஒரு பெரிய பிரசங்கம் வரும் என்று நான் சுவரில் சாய்ந்து ஆயத்தமானேன். கேட்க ஆசையாகவும் இருந்தது. மனிதரோ காருக்குப் போனார். தனக்கென்று கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து வந்து கவுண்டரில் வைத்தார். மதாம் அதைத் தட்டில் வைத்ததும், அண்ணை கொஞ்சம் எட்டிப் பார்த்து, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைக்கச் சொன்னார்.