நாற்பத்தெட்டாவது நாற்காலி

வாசலில் நாற்காலி இருந்தது. ஆனால் அவருக்கு வேண்டிய நாற்காலி அது இல்லை. கறுப்பு மெத்தை, கைப்பிடி, சக்கரம் எல்லாம் வைத்த புத்தம்புது நாற்காலியில் வாட்ச்மேன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பழைய நாற்காலி எங்கே?" என்றார் மூன்றாவது மாடிக்காரர், கையில் கேமராவோடு.

"செயலாளர் நேத்து தூக்கிப் போடச் சொல்லிட்டார் சார். எல்லாம் உங்க புண்ணியம். இடுப்பு வலி போயே போச்சு."

மூன்றாவது மாடிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்தவர் இடுப்பு வலி போனதற்கு இவ்வளவு துக்கப்பட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அலுவலக நேரத்தில் அவர் இன்சூரன்ஸ் குமாஸ்தா, மீதி நேரத்தில் கலைஞர். நகரத்து அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்கிறேன் என்று ஒன்றரை வருடமாக வாட்ச்மேன்களின் நாற்காலிகளாகத் தேடித் தேடிப் படம் எடுத்தார். கால் போனது, முதுகு போனது, எல்லாமே போய் நம்பிக்கையில் மட்டும் நிற்பது என்று நாற்பத்தேழு சேர்ந்தன. நாற்பத்தெட்டாவது, தான் குடியிருக்கும் கட்டிடத்து வாசலிலேயே கிடைத்தது. மரத்தில் மூன்று கால், நாலாவதுக்குச் செங்கல், முதுகில் நீல நைலான் கயிறு, உட்காருகிற இடத்தில் சாக்கு. படத்துக்குக் கீழே, "இதை ஒரு மனிதனுக்கு உட்காரக் கொடுத்த மகானுக்குச் சாப்பாடு எப்படித் தொண்டையில் இறங்குகிறது?" என்று எழுதி, ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு அனுப்பினார். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்.

மகான் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் சங்கச் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் புது நாற்காலி வாங்கிப் போட்டார்.

இதற்குள் கண்காட்சி அமைப்பாளர் அம்மா போனில் சொன்னார். "முதல் சுவர் முழுக்க உங்க நாற்காலிதான் சார். ஒரே ஒரு குறை. உங்க நிழல் அதுமேல விழுந்திருக்கு. நிழல் இல்லாம இன்னொண்ணு எடுத்துடுங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு நானே வரேன், வாட்ச்மேனையும் பார்க்கணும். இல்லன்னா சுவரைப் புறாப் படக்காரருக்குக் கொடுத்துடுவேன்."

இன்று சனிக்கிழமை. மணி ஒன்று. புறாப் படக்காரருக்குத் தன் சுவரை விட்டுக்கொடுப்பதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பழைய சாமான் கடைக்கு ஓடினார்.

"அதுவா? கால் மாட்டி வார்னிஷ் அடிச்சு காலையிலயே வித்துட்டேன்," என்றார் கடைக்காரர். "நல்ல தேக்கு சார். எந்தப் புத்திசாலி அதை அந்தக் கதிக்கு ஆளாக்கினானோ."

"அந்தப் புத்திசாலியைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேஜையடியில் இருந்த நாற்காலி ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"ஏங்க, அதை எங்கே கொண்டு போறீங்க? இருக்கறதே அஞ்சு," என்றாள் மனைவி.

"கலைக்காக."

"உங்க கலை உட்கார்றதுக்கு என் நாற்காலிதான் கிடைச்சுதா?"

அவர் அதற்குள் மாடிப்படி ஏறிவிட்டார். வீட்டில் நாற்காலி அஞ்சா ஆறா என்று அவருக்குத் தெரியாது. அதெல்லாம் நகரத்து அன்றாட வாழ்க்கையில் சேராது.

மொட்டைமாடியில் சுத்தியலால் நாலு போடு போட்டார். ஐந்தாவது போட்டில் நாற்காலிக் கால் உடைந்து அவர் கால்மேல் விழுந்தது. நொண்டிக்கொண்டே கீழே இறக்கி, செங்கல் வைத்து, கயிறு சுற்றி, வாட்ச்மேனிடம் சாக்கு வாங்கிப் போட்டார். தள்ளி நின்று பார்த்தார். அச்சு அசல் அதே நாற்காலி. 'நான் எதையும் ஜோடித்துப் படம் எடுப்பதில்லை' என்று கண்காட்சி மலருக்கு எழுதிக் கொடுத்தவருக்கு ஜோடனை இவ்வளவு நன்றாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

புது நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டு வாட்ச்மேனிடம் வந்தார்.

"யார் கேட்டாலும் இது அந்தப் பழைய நாற்காலிதான். இன்னைக்கு நான் உடைச்சேன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. என் மானம் உங்க கையில."

"எனக்கு மெத்தை நாற்காலி வரவழைச்ச தெய்வம் சார் நீங்க. தலையே போனாலும் சொல்ல மாட்டேன்."

இரண்டு படம் எடுப்பதற்குள் லிஃப்ட் திறந்தது. உள்ளே செயலாளர், புது நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிப்போய் நின்றார்.

"மறுபடியும் என்னை அசிங்கப்படுத்தக் கிளம்பிட்டீங்களா? இந்தக் குப்பை எப்படித் திரும்ப வந்துது?"

அந்த நேரம் பார்த்து அமைப்பாளர் அம்மாவும் வந்து சேர்ந்தார். நாற்காலியைப் பார்த்ததும் கைகூப்பினார். "சாப்பாடு எப்படி இறங்குகிறதுன்னு எழுதினீங்களே, அதைப் படிச்சதுல இருந்து எனக்கே சாப்பாடு இறங்கல சார்."

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்கம்மா," என்றார் செயலாளர். "மரம் வெள்ளை வெளேர்னு இருக்கு. இது இன்னைக்கு உடைச்சது. இவரே உடைச்சு வெச்சு என்மேல பழி போடறார்."

அமைப்பாளர் அம்மா குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். சுவர் முழுக்கப் புறாக்கள் வந்து உட்கார்வது மூன்றாவது மாடிக்காரர் கண்ணில் தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்க," என்று வாட்ச்மேன் பக்கம் திரும்பினார் அந்த அம்மா. "இது உண்மையிலேயே உங்க பழைய நாற்காலிதானா? சார் இன்னைக்கு உடைச்சதா?"

வாட்ச்மேன் மூன்றாவது மாடிக்காரரைப் பார்த்தார். பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"சாரைச் சந்தேகப்படாதீங்கம்மா, இன்னைக்கு அவர் எதையுமே உடைக்கல, போன வருஷம் இதுமேல ஏறி நின்னு போட்டோ எடுத்தப்ப உடைச்சார், அன்னைக்கே அவங்க வீட்டம்மா கீழே கொண்டு வந்து எனக்கு உட்காரக் கொடுத்துட்டாங்க."