குட்டி போட்ட பாலம்

பாலத்தைக் குட்டி போட வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் 'தாயக்கட்டை' சார்.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுக வேலைக்கு வந்த ஒரு கம்பெனியில் நான் படம் வரைபவன்; அவர் இன்ஜினியர். ஜெர்மனியில் இப்படிச் செய்கிறார்களாம் என்று எங்கோ படித்துவிட்டு, மேஜையில் தாயம் உருட்ட ஆரம்பித்தார். மூங்கில் குச்சியில் ஒரு சின்னப் பாலம் செய்வார். அது தாய். கட்டை விழுகிறபடி ஒரு குச்சியை நீட்டி, இன்னொன்றைச் சாய்த்து, நாலைந்து பாலங்கள் செய்வார். அவை குட்டிகள். எல்லாவற்றிலும் உப்புப் பையைத் தொங்கவிடுவார். ஒடிந்தது குப்பைக்கு, அதிகம் தாங்கியது அடுத்த தாய்.

"நாலு குட்டில மூணு போயிட்டு" என்று அவர் ஒருநாள் புலம்பியதைக் கேட்ட பியூன், நேரே மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஆடு எங்கவே?"

"ஆடு இல்ல சார், பாலம்."

"பாலம் எப்படிவே குட்டி போடும்?"

"தாயம் விழுந்தா போடும் சார்."

கூத்துக்குக் காரணம் இருந்தது. முத்தையாபுரம் பக்கம் உப்பளத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் ஓடையைத் தாண்டி வேலைக்குப் போவார்கள். அவர்களுக்கு ஒரு நடைபாலம் போட்டுவிட வேண்டும் என்று இவருக்கு வெறி. கம்பெனி தர ஒத்துக்கொண்ட மிச்ச இரும்போ வழக்கமான பாலத்துக்குக் காணாது.

மாதக்கணக்கில் உருட்டி, கடைசியில் ஒரு குட்டி பிறந்தது. கை கால் திசைக்கொன்றாக நீட்டிய கோணல் பிறவி. ஆனால் மற்றதெல்லாம் ஒடிந்த பாரத்தை அசையாமல் தாங்கியது, அதுவும் குறைந்த குச்சியில். உப்பளத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

"என்ன சார், இம்புட்டுக் கோணலா இருக்கு?" என்றாள் ஒருத்தி.

பக்கத்தில் நின்றவள் அவளை அதட்டினாள். "ஏளா, பாலம் கோணலா இருந்தா என்ன? நாம நேராத்தான நடக்கப்போறோம்!"

சார் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. "பாக்கவன் சிரிப்பாம்வே" என்று, பட்டறையில் அந்தக் குட்டியைப் பார்த்து இரும்புப் பாலம் செய்யும்போது, சாய்ந்திருந்த இரும்பையெல்லாம் நிமிர்த்தி அழகாக்கிவிட்டார். சார் கெஞ்சியும் கேட்கவில்லை. ஓடையில் நிறுத்தி மணல் மூட்டை ஏற்றினார்கள். பாலம் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

"பாத்தீரா உம்ம குட்டி லட்சணத்த?"

"அது என் குட்டி இல்ல சார்" என்றார்.

இரும்பு பழைய சாமான் கடைக்குப் போனது. பெண்கள் மறுபடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். சாரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். வழியனுப்ப நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அடுத்த வாட்டி கொஞ்சம் நேரா வருத மாதிரி பண்ணிப் பாக்கேன்" என்றார், ஜன்னல் வழியாக.

"வேண்டாம் சார், கோணலாவே இருக்கட்டும்" என்று கத்தினேன். வண்டி நகர்ந்த சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.