நீராழி நாட்டில் ஒரு நெடில்

நீராழி என்றொரு நாடு இருந்தது. அதன் நடுவே தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி. வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் அங்கிருந்துதான் போனது. அதைக் கட்டியவர் இன்னார் என்று கிடையாது. வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு கல் வைத்தது. மூடி உண்டு, பூட்டு இல்லை. எவரும் இறங்கிப் பார்க்கலாம். ஓட்டையைக் கண்டால் துணியில் குங்கிலியப் பசை தடவி, ஒட்டு ஒன்று செய்து கொண்டுவரலாம்.

கொண்டுவந்ததை ஏற்பதா வேண்டாமா என்று சொல்வது மட்டும் செங்கமலம். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள்.

"இது ஒட்டா, அப்பளமா? போய் ஒழுங்காப் பண்ணிட்டு வா."

திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போய், இன்னும் நல்ல ஒட்டோடு வருவார்கள். அவளிடம் ஒருமுறையாவது திட்டு வாங்காதவனுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

இதைக் கேட்டு மகிழ்ந்த அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார்: 'ஓட்டை கண்டால் குடிமக்கள் ஒட்டுப் போடுக.' எழுதியவருக்கு அன்று ஓயாத தும்மல். ஒகரத்தின் அடியில் ஒரு சுழி விழுந்துவிட்டது. 'ஓட்டுப் போடுக' என்று முரசறைந்தார்கள்.

பள்ளத்திலிருந்த தாழைத்தெருப் பக்கம் தொட்டி கசிந்தது. செங்கமலத்தின் வீடும் அந்தத் தெருவில்தான். ஒட்டோடு இறங்கியவளை அமைச்சர் அம்பலவாணர் தடுத்தார்.

"அம்மணி, இது ஓட்டைதானா என்று முதலில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும்."

"ஐயா, அது எழுத்துப் பிழைங்க."

"அரச முத்திரை விழும்வரைதான் பிழை. விழுந்தபின் அது இலக்கணம்."

மேட்டுத்தெருக்களில் ஆட்கள் அதிகம். தண்ணீர் அங்கே ஏறவில்லை. வாக்கெடுப்பில் அது ஓட்டையல்ல, நீரூற்று என்று முடிவாயிற்று. ஊற்றுக்கு மாலை போட்டு விழா எடுத்தார்கள். குங்கிலியம் வைத்திருப்பது வாக்காளரை ஒட்டவைக்கும் சூழ்ச்சி என்று அதைத் தடைசெய்து அடுத்த ஆணை வந்தது.

தாழைத்தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. செங்கமலம் அடுப்பைப் பரணில் ஏற்றினாள். மழைக்குள் அடைக்காவிட்டால் தெருவே மிஞ்சாது. அமைச்சரிடம் போனாள்.

"இன்னொரு வாட்டி ஓட்டு வைங்க ஐயா."

அம்பலவாணருக்குத் தேர்தல் என்றால் கொள்ளை ஆசை. "தாராளமாக! ஒட்டுப் பார்த்த கை ஓட்டும் பார்க்கட்டும். நீயே அதிகாரி. சம்பவ இடத்திலேயே நடத்து."

"பெட்டி வெச்சா மிதந்து போயிடுங்களே. துணியில எழுதி, அந்தத் தொட்டிச் சுவத்துலயே ஒட்டச் சொல்லவா? கொஞ்சம் குங்கிலியம் மட்டும்..."

"நிலையான ஆட்சிக்கு நிலையான ஓட்டு. ஓட்டுக்கு மட்டும் அனுமதி!"

மேட்டுத்தெருக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். திட்டு வாங்கி வெகுகாலமாயிற்றே! செங்கமலம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"இது செல்லாத ஓட்டு. ஓரம் மடிஞ்சிருக்கு பாரு."

"அக்கா, நான் 'ஓட்டை இல்லை'ன்னுல்ல எழுதியிருக்கேன்?"

"என்ன எழுதினா எனக்கென்ன? மடிப்பை எடுத்துட்டு வா."

மாலையில் அம்பலவாணர் முடிவு அறிவிக்க வந்தார். ஓட்டுகளைப் பிரித்து எண்ண முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். சுவரைத் தடவினார். உலர்ந்திருந்தது.

"ஓட்டை இல்லை! நாம் முன்பே சொன்னோம்."

"ஆமாங்க ஐயா," என்றாள் செங்கமலம். "வடக்கால இன்னொண்ணு இல்லாம இருக்கு. தேர்தல் எப்பங்க?"

அந்நாட்டில் ஓட்டுப் போட்டவர் விரலில் குங்கிலியக் கறை பல நாள் போகாது. வேறு சில நாடுகளிலும் ஓட்டுப் போட்டவர் விரலில் கறை உண்டாம். அது எந்த ஓட்டையை அடைத்த கறை என்று அவரவர் விரலைத்தான் கேட்க வேண்டும்.