வீரணனின் முட்டுவலி

"பத்து மாத்திரை குடுங்க" என்று உமாதேவி சீட்டை நீட்டியபோதுதான் அதிலிருந்த தேதி சங்கிலியின் கண்ணில் பட்டது.

டாக்டர் எழுதியது ஐந்து நாளைக்கு. எழுதி மூன்று மாதம் ஆகியிருந்தது.

சின்னமனூரில் பதினாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவன் சங்கிலி. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்ட வக்கீலையே திருப்பி அனுப்பியவன். அப்பேர்ப்பட்டவன் மூன்று மாதமாக இந்தச் சீட்டை வாங்கி, அதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். கல்யாணம் ஆகாதவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் வரக்கூடாத மறதி.

ஊரே அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடும். உமாதேவி மட்டும் 'இந்தாங்க' என்பாள். கணவன் இறந்து ஆறு வருடமாக ஓடைப்பட்டியில் அப்பா வீரணனோடு இருக்கிறாள். மார்க்கையன்கோட்டை சொசைட்டியில் வேலை. வாரத்தில் ஒருநாள், சின்னமனூரில் பஸ் மாறும்போது, மாலை ஐந்தரை மணிக்குக் கடைக்கு வருவாள். மற்ற ஆறு நாளும் ஐந்தரை மணி வெறுமனே வந்துவிட்டுப் போகும்.

"அப்பாவுக்கு இன்னுமா முட்டுவலி?"

"திராட்சைப் பந்தல்ல இருந்து விழுந்தாகள்ல, விடவே மாட்டேங்குது."

"இது தினமும் போடுற மாத்திரை இல்லைங்க. குடலை அரிச்சிரும். வயித்துல எரிச்சல் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று ஐந்து மட்டும் வெட்டிக் கொடுத்தான்.

மறுநாளே வந்து நின்றாள். "எரிச்சல் இருக்காம்."

அவள் வந்ததில் சங்கிலியின் நெஞ்சு குளிர்ந்தது. சொன்னதில் பதறியது.

"கால் வீங்குதா? கிட்னில கோளாறுன்னா வீங்கும்."

அதற்கு மறுநாளும் வந்தாள். "வீங்குது."

"ஒரு காலா, ரெண்டு காலுமா?"

உமாதேவி யோசித்தாள். "எது வீங்குனா நல்லது?"

"எதுவும் வீங்கக் கூடாதுங்க!"

"அப்ப நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மூன்றாம் நாள் இரண்டு காலும் வீங்கியிருந்தன. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. அவன் எதைக் கேட்டாலும் அது வீரணனுக்கு இருந்தது. அவள் தினமும் வரவேண்டும் என்றுதான் அவனும் சாமியிடம் கேட்டிருந்தான். அதற்காக ஒரு மனுஷனின் கிட்னியையா பதிலுக்குக் கொடுப்பது?

சங்கிலி மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

"இனிமே ஒரு மாத்திரைகூடத் தர மாட்டேன். அப்பாவ உடனே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஒண்ணுமே தர மாட்டீகளா?"

"மாட்டேன்."

"அப்ப நான் இங்கன வர வேண்டாம்?"

"வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டான்.

அவள் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

எட்டு நாள் அவள் வரவில்லை. ஐந்தரை மணிக்கு ஓடைப்பட்டி பஸ் கடையைத் தாண்டும்போது ஜன்னலில் அவள் தலை தெரியும். முகம் எதிர்ப்பக்கம் இருக்கும். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்று சங்கிலி நினைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம் பேசியதில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய அப்பாவின் வயிற்றெரிச்சல்தான்.

வேறு கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால்? அந்த நினைப்பு வந்தபின் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறினான்.

திராட்சைப் பந்தலுக்குள் ஒரு பெரியவர், தலையில் இரண்டு பழப்பெட்டியோடு வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டினார்.

"ஐயா, வீரணன் ஐயா வீட்டுல படுத்திருக்காகளா?"

"நான் எதுக்குலே படுக்கணும்?"

சங்கிலி அவருடைய காலைப் பார்த்தான். குச்சி மாதிரி இருந்தது.

"முட்டுவலி?"

"அது அன்னைக்கே அஞ்சு நாள்ல போச்சே."

"வயித்தெரிச்சல்? கால் வீக்கம்? தலசுத்து?"

"காலங்காத்தால எனக்கு நோவு விக்க வந்தியாலே?"

சங்கிலி கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்படியானால் அத்தனை மாத்திரையும் யார் வயிற்றுக்குள் போனது? அப்பா பேரைச் சொல்லித் தனக்கு வாங்கி, விட முடியாமல் விழுங்குகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். எரிந்தது அவளுக்கு. வீங்கியது அவளுக்கு. கேட்கத் தெரியாமல் கேட்டு நின்றவளைத்தான் வர வேண்டாம் என்று விரட்டியிருக்கிறான்.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, நான் சின்னமனூர் மருந்துக்கடைக்காரன். உங்க மக மூணு மாசமா வலி மாத்திரைய முழுங்கிருக்காக. நான்தான் புத்தி கெட்டுப்போய் எடுத்துக் குடுத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், கிளம்புங்க ஐயா!" கண்ணில் நீர் முட்டியது.

வீரணன் பெட்டிகளை மெதுவாகக் கீழே இறக்கினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"கண்ணத் தொடைங்க மாப்ள. அம்புட்டும் அட்டை பிரிக்காம பீரோவுலதேன் கெடக்கு. மருந்துக்கடைக்கு ஆளப் பாக்க வர்றவ, வேற என்னத்த வாங்குவா?"