மூட்டைக்குள் ஒளித்த கடல்

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை பிற்பகல்.

அன்பும் மதிப்பும் நிறைந்த பாண்டியராஜ் மாமாவுக்கு, பத்தாம் வகுப்பு முத்துப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் தங்கள் நலம் அறிய ஆவல். இங்கே எல்லோரும் நலம், அப்பா வீடு திரும்பும் வரை. போனில் பேசினால் அம்மா கேட்டுவிடுவார். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நான் கடலையே பார்த்ததில்லை என்று நீங்கள் அனுப்பிய கடல் வாச சென்ட் பாட்டில் போன வாரம் வந்தது. ஒருமுறை அடித்துப் பார்த்தேன். முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு வெயிலில் காய்ந்த உப்பு, கடைசியில் தேங்காய் எண்ணெய். கோடை விடுமுறையைக் கண்ணாடிக்குள் அடைத்ததுபோல் இருந்தது. "பரீட்சை நேரத்துல சென்ட்டா?" என்று அம்மா பிடுங்கிவிடுவாரே என்று பயந்து, விற்பனைக்குக் கட்டிவைத்திருந்த ஏலக்காய் மூட்டைக்குள் புதைத்தேன். மாமா, ஏலக்காய் எந்த வாசத்தையும் குடித்துவிடும். எங்கள் வீட்டில் காய் பொறுக்க வரும் ராக்கு அக்கா தலைப்பூவைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இதெல்லாம் தெரிந்த நானே இதைச் செய்தேன். மாதிரிக் காய் எடுக்க அப்பா அதே மூட்டையைப் பிரிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலை எடுத்துப் பார்த்தால் பாட்டில் பாதி காலி! அவ்வளவையும் காய் குடித்துவிட்டது. அதற்குள் அப்பா மாதிரிப் பொட்டலத்துடன் கிளம்பிவிட்டார். அவர் வாசலைத் தாண்டும்போது கடலே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவதுபோல் வாசம். ராக்கு அக்கா மூக்கைச் சுருக்கி, "என்ன ஆத்தா, உங்க வீட்டுல ராமேஸ்வரம் வீசுது?" என்றார். "பரீட்சைப் பயம்க்கா" என்று உளறினேன்.

விற்பனை மையத்தில் வியாபாரிகள் காயைப் பிளந்து முகர்வார்கள். இந்தக் காய் விற்றால்தான் கார்த்திகா அக்கா நர்சிங் கல்லூரியில் சேர முடியும். அக்கா பெட்டிகூட வாங்கிவிட்டாள். ஆகவே மாமா, உடனே அப்பாவைக் கூப்பிட்டுப் பழியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மஸ்கட் வரை அவர் கை எட்டாது. இனி எனக்குக் கடலே வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன். எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மருமகள்,
முத்துப்பிரியா

பின்குறிப்பு: மாமா, கூப்பிடாதீர்கள்! அப்பா வந்துவிட்டார். காய் நல்ல விலைக்குப் போய்விட்டது. வியாபாரி சீனிச்சாமி காயை முகர்ந்துவிட்டு, "காய் சுத்தம்ண்ணே. நீங்கதான் கடக்கரையில பொரண்டு எந்திரிச்ச மாதிரி மணக்குறீக" என்றாராம். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "மூட்டையில அந்தப் பாட்டிலப் போன வாரமே பாத்தேன் ஆத்தா. தெனமும் சட்டையில அடிச்சிட்டு அங்கனயே வச்சிருவேன். அம்மாட்ட சொல்லிராத. மாமன்கிட்ட இன்னொண்ணு கொண்டாரச் சொல்லு, பெருசா."