டேபிள் கம் தடவிய சக்கரங்கள்

கூட இருப்பவன் சொல்வது சரி என்று தெரிந்தாலும், அதை அவன் சொல்லிவிட்டானே என்பதற்காகவே வேறொன்றைச் செய்கிற புத்தி பத்தொன்பது வயதில் எனக்கு இருந்தது. (இப்போது இல்லை என்று எழுத என் மனைவி விடமாட்டாள்.)

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பாலிடெக்னிக்கில் ரோபோ போட்டி வைத்தார்கள். சாய்வாக நிறுத்திய பலகையில் ரோபோ ஏறி, உச்சியிலிருக்கும் அட்டைப்பெட்டியைத் தொட வேண்டும். ஜெயித்தவனுக்குத் தன் கம்பெனியில் மெக்கானிக் வேலை என்று பனியன் முதலாளி ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் காங்கேயத்தில் மாமாவின் எண்ணெய் மில். மில் கரண்ட் போனால் நிற்கும். மாமாவின் புத்திமதி அதற்கும் நிற்காது.

எங்கள் ரோபோவுக்கு லாரியின் வைப்பர் மோட்டார், மரச் சக்கரம். பலம் இருந்தது, பிடிமானம் இல்லை. பாதி ஏறி வழுக்கியது. கூட்டாளி சுப்பு சைக்கிள் ட்யூபை வெட்டிச் சக்கரத்தில் சுற்றினான். ஏறிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ட்யூப் எல்லாரும் போடுவார்கள் என்று சொல்லி அதைக் கழற்றினேன். ஹவாய் செருப்பை அறுத்து ஒட்டினேன். ஜட்டி எலாஸ்டிக்கைச் சுற்றினேன் (புதுசுதான்). கடைசியில் பெருமாநல்லூரில் சித்தப்பாவின் பிரிண்டிங் பட்டறையில் ஞானம் கிடைத்தது. பனியனில் படம் அச்சடிக்கும்போது துணி நகராமலிருக்க மேசையில் தடவுகிற பசை, டேபிள் கம். ஒரு டப்பா கொண்டுவந்து நான்கு சக்கரத்திலும் பூசினேன்.

"அது துணியப் புடிக்கறதுக்குன்னே இருக்கறதுடா" என்றான் சுப்பு.

"துணியையே புடிக்குது, பலகை எம்மாத்திரம்?" என்றேன். ஒத்திகையில் ரோபோ பல்லி மாதிரி ஏறியது.

போட்டியன்று முதலாளி வந்தார். வெறும் பலகை அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன் துணியை வரவழைத்து, அடியிலிருந்து உச்சிவரை விரிக்கச் சொன்னார். பெட்டி துணிமேல் ஏறி உட்கார்ந்தது. அட்டெண்டர் ஆணியும் சுத்தியுமாக வந்ததும் முதலாளி தடுத்துவிட்டார். "ஆணி வேண்டாமுங்க. ஒரு ஓட்டை உழுந்தா இழை ஓடிப்போயிருமுங்க. சும்மா விரிச்சாப் போதும்."

முதல் ஆட்டம் எங்களுடையது. சுவிட்சைப் போட்டேன்.

ரோபோ நின்ற இடத்தில் நின்றது. துணி கிளம்பி வந்தது. சக்கரங்கள் அதைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்ட, உச்சியிலிருந்த பெட்டி உற்சவர் மாதிரி ஆடாமல் அசையாமல் இறங்கி வந்து ரோபோவின் மூக்கில் முட்டியது.

தொட்டால் தொட்டதுதான் என்றார் ஒரு நடுவர். யார் யாரைத் தொட்டது என்று கேட்டார் இன்னொருவர். அவர்கள் விவாதிக்க, முதலாளி குனிந்து துணியைக் காப்பாற்றப் பார்த்தார். கை ஒட்டிக்கொண்டது. மோட்டார் அவரையும் சுருட்டத் தொடங்கியது. நான் வாயைப் பிளந்து நிற்க, சுப்பு பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான்.

முதலாளி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தபடி என்னைப் பார்த்தார். "உன்னைய வேலைக்கு வெச்சா எங் கம்பெனியே கெளம்பி உன் ஊட்டுக்கு வந்துரும், கண்ணு." பிறகு திரும்பி, "ஒயரப் புடுங்குன தம்பி யாருங்க?" என்று விசாரித்தார்.

சுப்புவுக்கு வேலை. எனக்குக் காங்கேயம்.

சில வருடம் கழித்து சுப்புவின் தங்கையைக் கட்டினேன். கதையும் அவளோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் சேரில் சாய்ந்தபடி நான் தண்ணீர் கேட்டால், அடுப்படியிலிருந்து மகளிடம் சொல்வாள்: "கொண்டுபோய்க் குடு கண்ணு. உங்கப்பா எந்திரிச்சுப் போகமாட்டாரு. சொம்புதான் அவருகிட்ட வரோணும்."